நிலத்துல ஏறுன மணலை எடுக்க நிவாரணம் கேட்டு மனு

மாவட்ட ஆட்சித்தலைவர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

ஐயா, நான் தென்பெண்ணை ஆத்தோரம் ஒரு காணி, அதாவது 1 ஏக்கர் 32 சென்ட் வச்சிருக்கிற குறு விவசாயி. செல்லுல டைப் பண்றேன், எழுத்துப் பிழை இருந்தா பொறுத்துக்கோங்க.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையேறுச்சே, அந்த மழையில பயிர் சாஞ்சிச்சு, ஆனா முழுசா போகல, தண்ணிய வடிச்சா பாதியாவது தேறும்னுதான் நெனச்சிருந்தோம். டிசம்பர் 2 விடியக்காலை எங்க ஆத்துக்கு மேல இருக்கிற சாத்தனூர் அணையில விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தொறந்துட்டாங்கன்னு சேதி வந்துச்சு, மாட்டை அவுத்துட்டு மேட்டுக்கு ஓடினதோட சரி. தண்ணி வடிஞ்சு போயி பாத்தா நெல்லும் இல்ல வரப்பும் இல்ல, ஒரே மணலு. கெழக்கால இருக்கிற ரெண்டு தென்னைய அடையாளம் வச்சுதான் எது என் நெலம் எது பங்காளி நெலம்னே கண்டுபிடிச்சோம். போர் பைப்போட வாய் மட்டும் ஒரு சாண் வெளிய தெரிஞ்சிச்சு. கடப்பாரைய எறக்கிப் பாத்தேன், ஆத்துப்பக்கம் ஒன்றரை அடி, இந்தப்பக்கம் முக்கா அடிக்கு மேல.

நெல்லுக்கு ஹெக்டேருக்கு 17,000னு அரசு அறிவிச்சது எனக்கும் வந்துச்சு, 9,000 சொச்சம். ரேஷன் கார்டுக்கு 2,000மும் வாங்கினோம், இல்லன்னு சொல்லல. ஆனா அது பயிருக்கு. நெலத்துக்கு யாரும் எதுவும் எழுதல. கணக்கெடுக்க வந்தவங்க ரோட்டுல நின்னு போட்டோ எடுத்து, என்ன பயிர் எத்தனை சதவீதம் சேதம்னு மட்டும் குறிச்சிட்டுப் போயிட்டாங்க. மணலப் பத்தி கேட்டதுக்கு அதுக்கு கட்டமே ஃபாரத்துல இல்லப்பான்னு சொன்னாங்க, பாவம் அவங்களுக்கும் அன்னைக்கு நாலு ஊரு பாக்கணும்.

2022-26க்கான பேரிடர் நிவாரண விதிமுறையில இதுக்குன்னு தனியாவே இருக்கு ஐயா. நெலத்துல 3 அங்குலத்துக்கு மேல மணலோ வண்டலோ படிஞ்சா சிறு குறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000, கொறஞ்சபட்சம் 2,200. என் காணிக்கு 9,600 கிட்ட வரும். ஜேசிபி எங்க ஊர்ப்பக்கம் மணிக்கு 1,200 கேக்குறான், அப்போ எட்டு மணி நேரத்துக்குத்தான் ஆகும், முழுசா எடுக்க அது பத்தாதுன்னு எனக்கும் தெரியும், ஆனா பாதி நெலமாவது ஏர் ஓட்டுற மாதிரி ஆயிடும்ல. இதுக்கு வேற எந்த ஸ்கீம்லயும் நான் காசு வாங்கல.

இன்னொண்ணு, வாரிப்போட்ட மணல எங்க கொண்டுபோறது? டிராக்டர்ல ஏத்தி வெளிய போனா மணல் கடத்தல்னு வண்டியப் புடிச்சிடுவாங்கன்னு பயந்து ஒரு டிரைவரும் வரமாட்டேங்குறான். எனக்கு வித்து சம்பாதிக்கணும்னு ஆசையில்ல, ஏரிக்கரை பலப்படுத்தவோ பள்ளமான புறம்போக்குல நெரப்பவோ நீங்களே எடம் காட்டுங்க, அங்க கொட்டிடுறோம். அதுக்கு ஒரு அனுமதிக் கடிதம் வேணும்.

ஏழு மாசமா இதுக்கு அலையுறேன். வருவாய்த் துறைக்குப் போனா வேளாண்மைத் துறைன்னு சொல்றாங்க, வேளாண்மைக்குப் போனா வருவாய்னு சொல்றாங்க. எங்க ஓரத்துல இப்படி மணல் மூடுனது என் நெலம் மட்டும் இல்ல, பக்கத்துல வரிசையா இருக்கு, ஒருத்தர் வந்து அளந்தா எல்லாருக்கும் ஒரே நாள்ல முடிஞ்சிடும். ஆடி பொறக்கப்போவுது, இந்தப் போகமும் விட்டா கூட்டுறவு கடனுக்கு வட்டி கட்டக்கூட வழியில்ல.

தயவு பண்ணி சர்வேயரும் வேளாண்மை ஆளும் சேந்து வந்து ஆழத்தை அளந்து எழுதச் சொல்லி உத்தரவு போடணும்னு கேட்டுக்கிறேன். எந்த நாளு வந்தாலும் நான் நெலத்துலயே இருப்பேன், கடப்பாரையும் அங்கதான் கெடக்கு.

பட்டா நகல், சிறு குறு விவசாயி சான்று, அன்னைக்கு எடுத்த போட்டோ ஆறு இதோட இணைச்சிருக்கேன்.

இப்படிக்கு,
தென்பெண்ணை ஆத்தோர விவசாயி
(பேரும் சர்வே நம்பரும் தனித் தாள்ல இருக்கு)