வாசகர் வட்டத்தின் ஆண்டறிக்கை: டிசம்பர் கதை மாலைகள்

தலைவர் அவர்களுக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். சென்ற ஏப்ரல் முதல் இந்த மார்ச் வரை குன்னூரில் நம் வட்டம் நடந்த விதத்தைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன்.

மாதக் கூட்டம் 12 நடந்திருக்க வேண்டும், 10 நடந்தது. அக்டோபரும் நவம்பரும் மழையோடு போயின. மலைப்பாதையில் மண் சரிந்து கிடக்கும்போது மேட்டுப்பாளையத்திலிருந்து பேச்சாளரை ஏறி வரச் சொல்ல மனம் வரவில்லை. சந்தா பாக்கி வழக்கம்போல உண்டு. பெயர்களை வாசிக்கவில்லை, வாசிக்க வைத்துவிடாதீர்கள்.

இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்தது டிசம்பரில்தான். ஐந்தரை மணிக்கெல்லாம் மூட்டம் இறங்கி எதிர்வீடே தெரியாமல் போகிற மாதம். அந்த நான்கு சனிக்கிழமையும் கிறிஸ்துமஸ் பண்டிகையை ஒட்டி எழுதப்பட்ட சிறுகதைகளை வாய்விட்டு வாசிப்பது, காதலில் தொடங்கிப் பேயில் முடிப்பது என்று நான் யோசனை வைத்தேன். "நல்ல நாளும் அதுவுமாகப் பேயா?" என்று செயற்குழுவில் ஒருவர் ஆட்சேபித்தார். அது குறிப்பேட்டில் பதிவாகியிருக்கிறது.

முதல் வாரம் அமெரிக்க எழுத்தாளர் ஓ. ஹென்றி. 1905 டிசம்பர் 10 அன்று நியூயார்க்கில் ஒரு ஞாயிறு இதழில் வந்த, மனைவி டெல்லா கூந்தலையும் கணவன் பைக்கடிகாரத்தையும் விற்கிற கதை. கையில் 1 டாலர் 87 சென்ட், அதில் 60 சென்ட் ஒரு சென்ட் காசுகள் என்று ஆரம்பிக்கிறது. அங்கேயே நம் பொருளாளர் கையைத் தூக்கிவிட்டார். மீதி 1 டாலர் 27 சென்ட்டை ஐந்து, பத்து, இருபத்தைந்து சென்ட் நாணயங்களை வைத்து எப்படிக் கூட்டினாலும் வராதே என்றார். கண்கலங்க வேண்டிய கதையில் கால் மணி நேரம் சில்லறைக் கணக்கு ஓடியது. அமெரிக்காவில் முன்பு 2 சென்ட், 3 சென்ட் நாணயங்களும் அடித்திருக்கிறார்கள், பழையது கைமாறி வந்திருக்கலாம் என்று ஒரு கல்லூரி மாணவி போனில் பார்த்துச் சொன்ன பிறகுதான் டெல்லாவால் முடியை விற்கப் போக முடிந்தது. 14 பேர் வந்திருந்தார்கள்.

இரண்டாம் வாரம் ரஷ்ய எழுத்தாளர் செகாவின் 'வான்கா'. 1886 டிசம்பர் 25 தேதியிட்ட பீட்டர்ஸ்பர்க் செய்தித்தாளில் வந்தது. மாஸ்கோவில் செருப்புத் தைப்பவரிடம் வேலைக்கு விடப்பட்ட ஒன்பது வயதுப் பையன், பண்டிகைக்கு முந்தைய இரவு தாத்தாவுக்குத் திருட்டுத்தனமாகக் கடிதம் எழுதி, 'கிராமத்தில் இருக்கும் தாத்தாவுக்கு' என்று, தாத்தா பெயரை மட்டும் சேர்த்து முகவரி போட்டுத் தபால் பெட்டியில் போடுகிறான். வாசித்தவர் பேக்கரி வைத்திருக்கும் நம் உறுப்பினர். அவரே பத்து வயதில் வேலைக்கு வந்தவர். கடைசிப் பக்கத்தை வேறொருவர் வாங்கி வாசித்தார்.

அன்று இன்னொரு சிக்கலும் வந்தது. கதையில் கூரையெல்லாம் பனி என்றதும் ஒரு சிறுமி, "பனி எப்படிக் கூரையில் தங்கும்?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. புல்லில் நிற்பதும் பனி, இங்கே முகத்தில் மோதுவதும் பனி, ஊட்டியில் ஜனவரி விடியலில் புல்லை வெளுக்க வைப்பதும் பனி, மாஸ்கோவில் முழங்கால் அளவு விழுவதும் பனி என்றால் குழந்தை என்ன செய்யும்? இனி மொழிபெயர்த்து வாசிப்பவர்கள் மூடுபனி, உறைபனி, வெண்பனி என்று பிரித்தே சொல்ல வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன்.

மூன்றாம் வாரத்தில் பேய் வந்தது. ஆட்சேபத்துக்குப் பதிலாக அன்று நான் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் நீண்ட குளிர்கால இரவில் கணப்பருகே உட்கார்ந்து பேய்க்கதை சொல்வது பழைய வழக்கம். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1843 டிசம்பர் 19 அன்று வெளியிட்ட கிறிஸ்துமஸ் கதைக்கு அவரே 'பேய்க்கதை' என்றுதான் துணைத்தலைப்பு வைத்தார். 6,000 பிரதிகள் பண்டிகைக்கு முன்பே தீர்ந்தன. பிறகு அவர் நடத்திய வார இதழ்களில் ஆண்டுதோறும் கிறிஸ்துமஸ் மலர் வந்தது. நம் தீபாவளி மலர் மாதிரிதான். நான் படித்த மலர்களில் காதல், நகைச்சுவை, பக்தி எல்லாம் இருந்தன. பேய்க்குத்தான் யாரும் பக்கம் ஒதுக்கவில்லை.

வாசித்தது 1866 மலரில் டிக்கன்ஸ் எழுதிய, சுரங்கப்பாதை வாயிலில் வேலை பார்க்கும் சிக்னல்காரரின் கதை. மலை ரயிலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் வாசித்தார். 16 குகைகள் உள்ள பாதையில் காலம் கழித்தவர் குரலில் அந்தச் சிவப்பு விளக்கும் மணியோசையும் வேறு மாதிரி இருந்தன. ஒரு வண்டி குகையை விட்டு வெளியேறியதாகத் தகவல் வராமல் அடுத்ததை உள்ளே விடக்கூடாது என்ற விதியை அவர் விளக்கியபோதே பாதிப் பயம் வந்துவிட்டது. டிக்கன்ஸும் சும்மா எழுதவில்லை. 1865 ஜூன் 9 அன்று ஸ்டேபிள்ஹர்ஸ்ட் அருகே அவர் பயணம் செய்த ரயில், தண்டவாளம் கழற்றியிருந்த பாலத்தில் கவிழ்ந்து 10 பேர் இறந்தார்கள். வண்டியை நிறுத்தச் சொல்லிக் கொடி காட்ட வேண்டியவர் 1,000 கஜம் தள்ளி நின்றிருக்க வேண்டும். நின்றது 554 கஜத்தில். இதைச் சொல்லும்போது நம் பெரியவருக்கு அந்தப் பாலத்து வேலைக்குப் பொறுப்பாக இருந்த, 150 வருஷத்துக்கு முந்தைய மேஸ்திரி மேல் வந்த கோபம் இன்னும் தீரவில்லை.

"கதையில் கிறிஸ்துமஸே வரவில்லையே?" என்று ஒருவர் கேட்டார். உண்மைதான், ஒரு வரிகூட இல்லை. பண்டிகை, கதவைச் சாத்திக்கொண்டு கேட்பவர்கள் பக்கம் இருந்தால் போதும் என்பது என் கட்சி. விவாதம் முடியுமுன் கரண்ட் போனது. அதற்கும் நிர்வாகத்துக்கும் சம்பந்தமில்லை.

நான்காம் வாரம் எம். ஆர். ஜேம்ஸ். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் இருந்த அறிஞர். கிறிஸ்துமஸ் முன்னிரவில் நண்பர்களைத் தன் அறைக்கு அழைத்து, ஒரு மெழுகுவத்தியைத் தவிர மற்றதையெல்லாம் ஊதி அணைத்துவிட்டுப் புதிதாக எழுதிய கதையை வாசிப்பாராம். நாமும் அப்படியே செய்தோம். மெழுகு மேசையில் ஊற்றியதற்கு இடம் தந்தவர்கள் முன்பணத்தில் 300 ரூபாய் பிடித்துக்கொண்டார்கள். எந்த இடம் என்பது அறிக்கையில் வேண்டாம். 1904 தொகுப்பில் வந்த கதையில், விடுதி அறையின் காலிக் கட்டிலிலிருந்து படுக்கை விரிப்பு எழுந்து நிற்கும். அதை வாசித்த உறுப்பினர் தன் அறையில் சும்மா கிடந்த இரண்டாவது கட்டிலை மறுநாளே விற்றுவிட்டதாகத் தகவல்; உறுதி செய்யவில்லை. அன்று 31 பேர். ஆட்சேபித்தவர் முன்வரிசையில் இருந்தார்.

குறை என்றால், நாலு வாரமும் ஆண்கள் எழுதியதையே வாசித்தோம். தேர்வு என்னுடையது, தவறும் என்னுடையது. வரும் டிசம்பரை எலிசபெத் கேஸ்கெல் 1852 மலருக்கு எழுதிய தாதியின் கதையோடு தொடங்கலாம். மலரின் ஆசிரியர் டிக்கன்ஸ் முடிவை மாற்றச் சொல்லியும் மாற்றாதவர் அவர்.

மற்ற மூன்று வாரமும் நம் உறுப்பினர்களே எழுதிய கதைகள் என்று செயற்குழு முன்மொழிகிறது. காதலோ பேயோ, 20 நிமிடத்தில் வாசித்து முடிய வேண்டும். முடிவை மாற்றச் சொல்லும் அதிகாரம் செயற்குழுவுக்கு உண்டா என்பதை இன்றே வாக்கெடுப்புக்கு விடுகிறேன். கதைகள் நவம்பர் 15-க்குள் என் கைக்கு வர வேண்டும். மழை, மண்சரிவு, கரண்ட் என்ற காரணங்கள் செல்லாது.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். சில்லறை சரியாக இருக்கிறதா என்று யாராவது கேளுங்கள்.