பொதுத்தேர்வு இல்லாத பள்ளியில் ஒன்பதாம் வகுப்பே தேர்வு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாங்காக், ஜகார்த்தா, மணிலா, ஷாங்காய் என்று வேலை மாறிப் போகும் தமிழ்க் குடும்பங்கள், அங்குள்ள அமெரிக்கப் பாடமுறைப் பள்ளிகளில் பிள்ளைகளைச் சேர்க்கும்போது முதலில் கேட்பது கட்டணம் எவ்வளவு என்று. அடுத்தது, பத்தாவது பொதுத்தேர்வு எப்படி இருக்கும் என்று. "இங்கே பொதுத்தேர்வே கிடையாது" என்ற பதில் வந்ததும் பலருக்கு நிம்மதியாகிவிடுகிறது. மூன்று ஆண்டு கழித்துச் சிக்கலாவது அந்த நிம்மதிதான். இந்தப் பள்ளிகளில் பாடமும் மாணவர் ஆலோசனையும் பார்த்து வருபவர்கள் என்ற முறையில், பெற்றோர் சேர்க்கைக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டியவற்றை எழுதுகிறோம். கொஞ்சம் நீளமாக இருந்தாலும் வெளியிட வேண்டுகிறோம்.

டோக்கியோவில் 1902, மணிலாவில் 1920, பாங்காக்கில் 1951, சிங்கப்பூரில் 1956, சென்னையில் 1995 என்று ஆசிய நகரங்களில் இத்தகைய பள்ளிகள் ஒவ்வொன்றாக வந்தன. தூதரக அலுவலர்கள், மிஷனரிகள், நிறுவன ஊழியர்கள் ஆகியோரின் பிள்ளைகள் சில ஆண்டு கழித்து அமெரிக்காவுக்கே திரும்புவார்கள் என்ற எண்ணத்தில் அமைந்த ஏற்பாடு அது. அமெரிக்கப் பள்ளிக்குள் போய்ச் சேர, படித்த பாடங்களும் மதிப்பெண்களும் அடங்கிய டிரான்ஸ்கிரிப்ட் ஒன்று போதும், பொதுத்தேர்வு தேவையில்லை. பிறகு இந்தியாவுக்குத் திரும்பக்கூடிய குடும்பத்துக்கு அதே ஏற்பாடு தானாகப் பொருந்தாது. பொருத்திக்கொள்ளலாம். ஆனால் அதற்கான வேலை ஒன்பதாம் வகுப்பில் தொடங்க வேண்டும்.

முதலில் அங்கீகாரம். அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான பாடத்திட்டம் என்று ஒன்று இல்லை. பாடத்தைத் தீர்மானிப்பவை மாநிலங்களும் உள்ளூர்ப் பள்ளி வாரியங்களும். சிபிஎஸ்இ, கேம்பிரிட்ஜ், ஐபி ஆகியவற்றுக்கு உரிமையாளர் உண்டு, அனுமதி பெறாமல் அந்தப் பெயரைப் போட முடியாது. 'அமெரிக்கப் பாடத்திட்டம்' என்ற சொல்லுக்கு அப்படி உரிமையாளர் யாரும் இல்லை. அமெரிக்க வெளியுறவுத் துறை வெளிநாட்டிலுள்ள சில பள்ளிகளுக்கு உதவி செய்கிறது. அவற்றை அது நடத்துவதில்லை. ஆகவே பார்க்க வேண்டியது, வாஸ்க், நியூ இங்கிலாந்து சங்கம், மிடில் ஸ்டேட்ஸ் சங்கம், காக்னியா போன்ற அமைப்புகளில் ஒன்று பள்ளியை ஆய்வு செய்து அங்கீகரித்திருக்கிறதா என்பதை. பள்ளி தன்னைப் பற்றித் தானே விரிவான அறிக்கை எழுதும், பிறகு வெளியிலிருந்து ஒரு குழு வந்து வகுப்பறையில் உட்கார்ந்து பார்க்கும், அதன்பிறகே குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அங்கீகாரம் கிடைக்கும்.

பிராஸ்பெக்டஸில் இங்கேதான் வார்த்தை விளையாட்டு நடக்கிறது. 'உறுப்பினர்' என்றால் சந்தா கட்டியிருக்கிறார்கள் என்பதற்கு மேல் பொருள் இல்லாமல் போகலாம். 'கேண்டிடேட்' என்றால் பாதி வழியில் இருக்கிறார்கள். 'அக்ரெடிட்டட்' என்ற சொல்லும் எந்த ஆண்டு வரை என்பதும் இருக்க வேண்டும், அதுவும் மேல்நிலை வகுப்புகளுக்கு. ஆரம்பப் பள்ளிக்கு மட்டும் அங்கீகாரம் பெற்றுவிட்டுப் பன்னிரண்டாம் வகுப்பு வரை விளம்பரம் செய்யும் இடங்களும் உண்டு. பள்ளி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அங்கீகாரம் தந்த அமைப்பின் பட்டியலில் பள்ளியின் பெயரைத் தேடிப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை.

அடுத்தது கிரெடிட். ஒரு பாடத்தை ஓராண்டு, ஏறத்தாழ 120 மணி நேரம் படித்துத் தேறினால் ஒரு கிரெடிட், ஒரு செமஸ்டருக்கு அரை. ஒன்பது முதல் பன்னிரண்டு வரையிலான நான்கு ஆண்டில் பொதுவாக 22 முதல் 26 கிரெடிட் சேர்ந்தால் பள்ளி இறுதிச் சான்றான டிப்ளமா. ஆங்கிலம் நான்கு ஆண்டும் கட்டாயம். கணிதம், அறிவியல், சமூக அறிவியல் மூன்று மூன்று ஆண்டாவது வேண்டும். மீதி வேற்று மொழி, கலை, உடற்பயிற்சி, விருப்பப் பாடங்கள். செமஸ்டர் நடுவில் ஊர் மாறினால் அந்த அரை கிரெடிட் பெரும்பாலும் போய்விடும். பள்ளியாண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூனில் முடிகிறது. ஆகவே இடமாற்றம் உங்கள் கையில் இருந்தால் ஜூனிலோ டிசம்பர் கடைசியிலோ மாறுங்கள். மார்ச்சில் நிறுவனம் கிளம்பச் சொன்னால், பிள்ளை ஜூன் வரை அங்கே இருக்க வழி உண்டா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

மதிப்பெண் கணக்கை ஒரு உதாரணத்தோடு சொன்னால்தான் புரியும். ஒரு பாடத்தில் சம எடையுள்ள ஐந்து பணிகள் என்று வைத்துக்கொள்வோம். நான்கில் பிள்ளை 90 வாங்குகிறது, ஐந்தாவதைக் கொடுக்கவே இல்லை. 360-ஐ ஐந்தால் வகுத்தால் 72. ஏ மைனஸில் இருந்த பிள்ளை சி மைனஸுக்கு இறங்கிவிட்டது. கடைசித் தேர்வில் எழுதிப் பிடித்துவிடலாம் என்று நம் பிள்ளைகள் பழகியிருக்கிறார்கள். இந்தப் பள்ளிகளில் கடைசித் தேர்வின் எடையே பெரும்பாலும் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டாது, சில பள்ளிகளில் அப்படியொரு தேர்வே இல்லை. புதிதாகச் சேரும் பிள்ளைகளை முதல் செமஸ்டரில் வீழ்த்துவது பாடத்தின் கடினம் அல்ல, கொடுக்காமல் விட்ட பணிகள்தான். தாமதமானால் எத்தனை மதிப்பெண் குறையும், திருத்தி மறுபடி கொடுக்கலாமா என்ற விதி ஒவ்வொரு பாடத்தின் சிலபஸ் தாளிலும் இருக்கும். முதல் வாரத்திலேயே அதைப் பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள்.

இந்த எழுத்துகள்தான் ஏ என்றால் 4, பி 3, சி 2 என்று எண்ணாகி, நான்கு ஆண்டுச் சராசரியான ஜிபிஏ ஆகின்றன. ஒன்பதாவதில் 2.6, பத்தாவதில் 3.4, பதினொன்றில் 3.9 என்று ஒரு பிள்ளை அழகாக ஏறி வந்தாலும், பாடங்களின் எண்ணிக்கை சமமாக இருந்தால் சராசரி 3.3 தான். பன்னிரண்டாவது ஆண்டு காப்பாற்றும் என்று நினைக்க முடியாது, ஏனென்றால் அமெரிக்கக் கல்லூரி விண்ணப்பங்கள் நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் போய்விடுகின்றன. விண்ணப்பத்தில் இருப்பது மூன்று ஆண்டுக் கணக்கு. சில கல்லூரிகள் ஒன்பதாவதை விட்டுவிட்டுப் பார்க்கும். அதை நம்பி இருக்க வேண்டாம்.

இனி, இந்தியா திரும்ப வாய்ப்புள்ளவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டிய இடம். பல அமெரிக்கப் பள்ளிகளில் அறிவியல் வரிசை இப்படி: ஒன்பதில் உயிரியல், பத்தில் வேதியியல், பதினொன்றில் இயற்பியல். ஒவ்வொன்றும் ஓராண்டு மட்டுமே. பன்னிரண்டில் சுற்றுச்சூழல் அறிவியலோ உளவியலோ எடுத்துக்கொண்டு டிப்ளமா வாங்கிவிடலாம், பள்ளியின் கணக்கில் எந்தக் குறையும் இல்லை. நம் ஊரில் எம்பிபிஎஸ் சேர, நீட் மதிப்பெண்ணோடு, பிளஸ் டூ நிலையில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேறியிருக்க வேண்டும். ஒன்பதாம் வகுப்பில் படித்த உயிரியலைப் பிளஸ் டூ உயிரியல் என்று காட்ட முடியாது. பொறியியலுக்குக் கணிதம், இயற்பியல், வேதியியல் விஷயத்தில் இதே கதை. பன்னிரண்டாம் வகுப்பு பாதியில் கவுன்சலர் முன்னால் வந்து உட்கார்ந்து "இப்போது என்ன செய்யலாம்" என்று கேட்கும் பெற்றோருக்குச் சொல்ல எங்களிடம் நல்ல பதில் இல்லை. அந்த வேதனையைத் தவிர்க்கத்தான் இந்தக் கடிதமே.

வழி இருக்கிறது. பதினொன்று, பன்னிரண்டில் ஏபி என்ற கல்லூரி நிலைப் பாடங்களில் ஏபி வேதியியல், ஏபி உயிரியல், ஏபி இயற்பியல் மூன்றையும் எடுக்கும்படி ஒன்பதாவதிலேயே நான்கு ஆண்டுத் திட்டம் போட வேண்டும். அதிலும் ஒரு நுட்பம்: ஏபி பிசிக்ஸ் 1 பெரும்பாலும் இயக்கவியல். மின்சாரம், காந்தம், ஒளியியல் எல்லாம் ஏபி பிசிக்ஸ் 2-ல் வருகின்றன. முதலாவதோடு நிறுத்தினால் நீட் இயற்பியலில் பெரும்பகுதி தொடப்படாமலே நின்றுவிடும். சிறிய பள்ளிகளில் இரண்டாவதற்கு ஆள் சேராமல் வகுப்பே நடக்காது, அல்லது ஓராண்டு விட்டு ஓராண்டு நடக்கும். பிராஸ்பெக்டஸில் இருபது ஏபி என்று அச்சாகியிருக்கும். இந்த ஆண்டு உண்மையில் எத்தனை நடக்கின்றன, எந்தெந்தப் பாடங்கள் ஒரே பீரியடில் மோதுகின்றன என்று கேளுங்கள். ஏபி என்ற பெயரைப் போட்டுப் பாடம் நடத்த ஆசிரியரின் பாடத்திட்டத்தை, ஏபி தேர்வுகளை நடத்தும் காலேஜ் போர்டு ஏற்றிருக்க வேண்டும், அந்தப் பட்டியலும் பொதுவில் கிடைக்கிறது. மே மாதம் நடக்கும் ஏபி தேர்வில் 1 முதல் 5 வரை மதிப்பெண். வகுப்பில் கிடைக்கும் ஏ, பி வேறு, இது வேறு. வகுப்பில் ஏ வாங்கிவிட்டுத் தேர்வில் 2 வாங்கினால் பல்கலைக்கழகம் கேள்வி கேட்கும். பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பொதுவாக மூன்று ஏபி கேட்கின்றன, அதுவும் 4 அல்லது 5.

கணிதத்தில் வேறொரு பள்ளம். அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ் என்று ஐந்து படி. நம் ஊரில் எட்டாம் வகுப்பு முடித்துப் போகும் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலில் 'கணிதம்' என்று மட்டும் இருப்பதால், அங்கே முதல் படியில் உட்கார வைத்துவிடுவார்கள். கணக்கிட்டுப் பாருங்கள், பன்னிரண்டில் பிரீகால்குலஸோடு நின்றுவிடும், கால்குலஸ் எட்டாது. எந்தப் படியில் சேர்ப்பது என்று பார்க்கும் பிளேஸ்மென்ட் தேர்வு வையுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். கூடவே, நம் பாடநூல்களின் உள்ளடக்கப் பக்கத்தை ஆங்கிலத்தில் கொண்டுபோங்கள். அந்த இரண்டு பக்கம் பல நேரம் ஓராண்டை மிச்சப்படுத்தும்.

டிப்ளமாவை இந்தியாவில் ஏற்க, அது பிளஸ் டூவுக்குச் சமம் என்னும் இணைத்தகுதிச் சான்று வேண்டும். இந்தியப் பல்கலைக்கழகங்கள் சங்கம் நெடுங்காலமாக இதை வழங்கி வந்தது. 2025-ல் பல்கலைக்கழக மானியக் குழுவும் தனி விதிமுறை வெளியிட்டது. விதி மாறிக்கொண்டிருப்பதால், சேர்க்கைக்கு முன் ஒருமுறையும் பதினொன்றாம் வகுப்புப் பாடம் தேர்ந்தெடுக்கும் முன் ஒருமுறையும் விசாரியுங்கள். "எங்கள் மாணவர்கள் இந்தியாவில் படிக்கிறார்கள்" என்று பள்ளி வாய்மொழியாகச் சொல்வது சான்று ஆகாது.

கட்டணத்தைப் பற்றிச் சுருக்கமாக: விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. கட்டட நிதி, பேருந்து, ஏபி தேர்வு, ஆங்கில ஆதரவு வகுப்பு ஆகியவை தனி. விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு என்பதைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். பாக்கி இருந்தால் டிரான்ஸ்கிரிப்ட் தர மாட்டார்கள். சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளை என்றால் கல்வி அமைச்சின் அனுமதி இல்லாமல் சர்வதேசப் பள்ளியில் சேர முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பள்ளியை விட்டுக் கிளம்பும்போது முத்திரையிட்ட டிரான்ஸ்கிரிப்ட் மூன்று பிரதி, எடுத்த ஒவ்வொரு பாடத்தின் விவரக் குறிப்பு, மதிப்பெண் முறையை விளக்கும் ஸ்கூல் புரொஃபைல் ஆகியவற்றைக் கேட்டு வாங்குங்கள். டிசி என்று ஒன்றை அவர்கள் வழக்கமாகத் தருவதில்லை. இந்தியப் பள்ளிகள் கேட்கும் என்பதால், சேர்ந்த நாள், விலகிய நாள், முடித்த வகுப்பு ஆகியவற்றோடு விலகல் கடிதம் எழுதித் தரச் சொல்லுங்கள். இந்த ஆவணங்கள் உண்மையானவை என்று காட்ட, நாட்டைப் பொறுத்து அப்போஸ்டில் முத்திரையோ தூதரக மேலொப்பமோ வேண்டும். சிங்கப்பூர் 2021 முதல் அப்போஸ்டில் முறைக்கு வந்துவிட்டது. ஊருக்கு வந்த பிறகு இதைச் செய்ய முயன்றால் மாதக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

பத்தாவதுக்கு முன்பே தமிழ்நாடு திரும்பக்கூடியவர்கள் தமிழையும் விட்டுவிடக் கூடாது. இந்தப் பள்ளிகளில் மொழிப் பாடம் என்றால் பெரும்பாலும் ஸ்பானிஷ், பிரெஞ்சு, மாண்டரின். தமிழ்நாட்டில் 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்தாம் வகுப்பு வரை தமிழ் கட்டாயம். வாரம் மூன்று மணி நேரமாவது வீட்டில் எழுதவும் படிக்கவும் வைத்தால்தான் திரும்பி வரும் பிள்ளை வகுப்பில் திணறாது.

தங்கள் கல்விப் பக்கத்தில் வெளிநாட்டுப் பள்ளிகளைப் பற்றிய செய்தி வரும்போது, நீச்சல் குளத்தின் படத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்க்க வேண்டுகிறோம்: அங்கீகாரம் தந்த அமைப்பு எது, எந்த ஆண்டு வரை; இந்தக் கல்வியாண்டில் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளில் நடக்கும் அறிவியல் பாடங்கள் எவை.

இப்படிக்கு,
ஆசிய நாடுகளின் சர்வதேசப் பள்ளிகளில் பணியாற்றும் தமிழ் ஆசிரியர்கள், மாணவர் ஆலோசகர்கள் சிலர்