மருந்தடிக்கும் முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

செம்பருத்தியிலும் கத்தரியிலும் செடிச்சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி தெரிந்ததும் மருந்தடிக்கச் சொல்கிறது சென்ற இதழின் மாடித்தோட்டக் குறிப்பு. அதற்கு முன் செய்யவேண்டிய வேலை ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

இலையின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். பச்சை அசுவினிகளுக்கு நடுவே சில மட்டும் உப்பி, வைக்கோல் நிறத்தில், இலையோடு ஒட்டி அசையாமல் கிடக்கும். தொட்டால் காய்ந்த காகிதம்போல் இருக்கும். உள்ளே ஒட்டுண்ணிக் குளவியின் புழு அசுவினியைத் தின்று வளர்கிறது. உடலில் வட்டத் துளை இருந்தால் குளவி வெளியேறிவிட்டது. கொசுவைவிடச் சிறிய இந்தக் குளவிகள் நம்மைக் கொட்டுவதில்லை. அந்த இலையைக் கிள்ளிப் போட்டால் அடுத்த தலைமுறைக் குளவிகளும் குப்பைக்குப் போய்விடும். மருந்தடித்தால் குளவியும் சாகும். தப்பிய சில அசுவினிகளோ இணை சேராமலே குட்டி போட்டு மளமளவென்று பெருகும்.

எறும்பையும் கவனிக்கவேண்டும். அசுவினியும் மாவுப்பூச்சியும் கழிக்கும் இனிப்பு நீருக்காக எறும்புகள் அவற்றுக்குக் காவல் நின்று குளவியை விரட்டும். தண்டில் துணிப்பட்டை சுற்றி, அதன்மேல் கிரீஸ் தடவுங்கள். நேரே தண்டில் தடவினால் பட்டை கெடும். ஒரே ஒரு கிளை சுவரைத் தொட்டாலும் எறும்புக்கு அது பாலம், அதை வெட்டிவிடுங்கள்.

காய்ப்புழுவுக்கு டிரைக்கோகிரம்மா என்ற ஒட்டுண்ணிக் குளவியின் அட்டை கிடைக்கிறது. 1 சிசி (கன சென்டிமீட்டர்) அளவு முட்டை ஒட்டிய அட்டையில் ஏறத்தாழ 18,000 முதல் 20,000 அரிசி அந்துப்பூச்சி முட்டைகள் இருக்கும். கறுத்த முட்டையில்தான் குளவி உண்டு. மாடிக்குச் சிறு துண்டு போதும். பலரும் தவறுவது நேரத்தில்தான். இக்குளவி முட்டையை மட்டுமே தாக்கும். புழு காய்க்குள் புகுந்தபின் அட்டை கட்டிப் பயனில்லை. காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தோட்டத்தில் தென்பட்டதுமே, வெயில் தாழ்ந்தபின் இலையின் அடியில் துண்டை ஸ்டேப்பிள் செய்து, வாரம் ஒருமுறை புதிதாக வையுங்கள். வாங்கிய அட்டையை வீட்டில் நாள்கணக்கில் வைத்திருந்தால் குளவிகள் உறைக்குள்ளேயே பொரிந்து செத்துப்போகும்.

இதில் பெங்களூர்க்காரர்களுக்குத் தனிப் பெருமை உண்டு. தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பப்பாளியை அழித்த மாவுப்பூச்சிக்கு எதிராக, 2010இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோஃபேகஸ் பப்பாயே குளவியைத் தருவித்தது, நம் ஹெப்பாளில் இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்ற பெயரில் இயங்கும் நிறுவனம். சில மாதங்களில் மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்தது.

அடுத்த முறை மருந்தின் பெயரை அச்சிடும்போது, பக்கத்திலேயே உப்பிய அசுவினியின் படத்தையும் பெரிதாகப் போடுங்கள்.

— ஒரு வாசகர், அல்சூர், பெங்களூரு