அப்பாவின் ஆறு சுற்று

ஒட்டாவா, கனடா,
11-8-2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இங்கு நானும் உங்கள் மருமகளும் பேரனும் நலம். நீங்களும் அம்மாவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

போன வாரம் தொலைபேசியில் நீங்கள் கேட்டதற்கு அவசரத்தில் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. அக்டோபரிலிருந்து மார்ச் வரை இங்கு வந்து தங்கினால், மகாமகக் குளத்தைத் தினமும் ஆறு சுற்றுச் சுற்றிவரும் பழக்கம் விட்டுப்போய்ச் சர்க்கரை ஏறிவிடுமே என்று கவலைப்பட்டீர்கள். விட்டுப்போக வேண்டியதில்லை. ஆனால் கும்பகோணத்தில் செய்வதுபோல விடிகாலை ஐந்தரை மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலைத் தாண்டிவிட முடியாது. இங்கு நடக்கக் கிளம்புவதற்கு முன்னால் வானத்தையும் தரையையும் பார்க்க வேண்டும். சில நாள்களில் இரண்டையும் பார்த்துவிட்டு உள்ளேயே திரும்பிவிட வேண்டும். இது எனக்குப் புத்தியில் ஏற மூன்று குளிர்காலம் பிடித்தது.

உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். போன ஜனவரியில் என் கையில் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்து அம்மா கேட்டபோது, சுளுக்கு என்றேன். உண்மையில் மணிக்கட்டு எலும்பில் கீறல் விழுந்திருந்தது. முதல் நாள் பகலில் உருகி ஓடிய நீர் இரவில் நடைபாதைமேல் கண்ணாடிபோல உறைந்திருந்தது. அதற்கு இங்கே கறுப்புப் பனி என்று பெயர். பனி கறுப்பாக இருப்பதில்லை, அதன் அடியில் இருக்கும் தார் தெரிவதால் வந்த பெயர் அது. ஈரத் தரை என்று நினைத்து, மேலங்கிப் பைகளில் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு, ஓட்டப் பயிற்சிக்கான காலணியோடு வேகமாக நடந்தேன். வாசலிலிருந்து பத்தடிகூடப் போயிருக்க மாட்டேன்.

இப்போது நான் நடப்பதைப் பார்த்தால் நீங்கள் சிரிப்பீர்கள். அடியைச் சிறிதாக எடுத்து, பாதம் முழுவதையும் ஒரே நேரத்தில் பதித்து, உடம்பின் பாரத்தை முன்காலின்மேல் வைத்து, கைகளைப் பக்கவாட்டில் சற்று விரித்து, வாத்து நடப்பதைப்போல நடக்கிறேன். வெட்கமாகத்தான் இருந்தது, தெருவில் எல்லோருமே அப்படித்தான் நடக்கிறார்கள் என்று கவனிக்கும்வரை. காலணியின்மேல் இழுத்து மாட்டிக்கொள்ளும் இரும்பு முள் வைத்த ரப்பர் வார் ஒன்றும் உண்டு; உறைந்த தரையை அது நன்றாகக் கவ்விக்கொள்ளும். ஆனால் கடைக்குள் நுழையும்போது மறக்காமல் கழற்றிவிட வேண்டும், பளிங்குத் தரையில் அதுவே வழுக்கிவிடும்.

குளிரைப் பற்றி அம்மா பயப்படுகிறாள். மைனஸ் 20 டிகிரியில் காற்று இல்லாவிட்டால், சரியான உடையோடு அரை மணி நேரம் தாராளமாக நடக்கலாம். அதே நாளில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று வீசினால் உடம்புக்கு அது மைனஸ் 33 போல இருக்கும். மூடாத தோல் பத்து நிமிடத்திலிருந்து அரை மணி நேரத்துக்குள் உறையத் தொடங்கிவிடும். அதனால் வானிலை அறிவிப்பில் வெப்பநிலையைவிடக் காற்றின் கணக்கைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். அப்படிப்பட்ட நாளில் நடை, அருகிலுள்ள மாலுக்குள்தான். கடைகள் திறப்பதற்கு முன்பே கதவைத் திறந்துவிடுகிறார்கள். உங்கள் வயதுள்ளவர்கள் கூட்டமாகச் சுற்றிவருவதைப் பார்த்தால் குளக்கரை நினைவுதான் வரும், தேநீர்க் கடை உட்பட.

உடை விஷயத்தில் ஒன்று மட்டும் சொல்கிறேன்: பருத்தி பனியனை உள்ளே போடாதீர்கள். வேர்வையைக் குடித்து வைத்துக்கொண்டு, நடையை நிறுத்தியதும் அது உடம்பைச் சில்லிட வைத்துவிடும். உள்ளே கம்பளி நூல், நடுவில் தடித்த ஒன்று, வெளியே காற்றைத் தடுக்கும் மேலங்கி என்று மூன்று அடுக்குகள் போதும். மார்கழியில் நீங்கள் மாட்டிக்கொள்ளும் மங்கி குல்லாவைக் கொண்டுவாருங்கள். நான் பள்ளி நாள்களில் கேலி செய்த அதே குல்லாவைத்தான் இங்கே கடையில் டாலர் கொடுத்து வாங்கினேன்.

வாசலில் பனி விழுந்து கிடக்கும்போது நான் மண்வாரியை எடுத்தால் நீங்களும் கைகொடுக்க வருவீர்கள் என்று தெரியும். அது மட்டும் வேண்டாம், அப்பா. குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறியிருக்கும் நேரத்தில், ஈரப் பனியை மூச்சைப் பிடித்துத் தூக்குவது இதயத்துக்குப் பெரும் சுமை. ஒவ்வோர் ஆண்டும் பனி தள்ளும்போது மாரடைப்பு வந்தவர்களைப் பற்றிச் செய்தி வருகிறது. நானே இப்போது தூக்குவதில்லை, தள்ளத்தான் செய்கிறேன்.

நீங்கள் வரும் அக்டோபர்தான் நடப்பதற்கு மிக இனிய மாதம். மேப்பிள் இலைகள் சிவந்து உதிரும். ஈரமான சருகும் வழுக்கும் என்பது தவிர வேறு தொல்லை இல்லை. நவம்பரில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளிய பிறகு மாலை சீக்கிரம் இருட்டிவிடும், டிசம்பரில் நாலரைக்குள் சூரியன் இறங்கிவிடுவான். ஆகவே உங்கள் நடையைக் காலை பத்து மணிக்கு மாற்றிக்கொள்வோம். ஜனவரி, பிப்ரவரியில் ஊருக்குள் ஓடும் ரிடோ கால்வாய் உறைந்தால் 7.8 கிலோமீட்டருக்கு அதன்மேல் சறுக்குக் காலணி மாட்டிச் சறுக்குவார்கள். பனிக்கட்டி 30 சென்டிமீட்டர் தடித்தால்தான் திறப்பார்கள். பச்சைக் கொடி பறந்தால் இறங்கலாம், சிவப்பு என்றால் கூடாது. 2022-23 குளிர்காலத்தில் ஒரு நாள்கூடப் பச்சைக் கொடி ஏறவில்லை; 1970-71இல் தொடங்கியதிலிருந்து அப்படி நடந்தது அதுவே முதல்முறை. திறந்தால் பேரன் சறுக்கட்டும், நாம் கரையில் நடப்போம்.

வசந்தத்திலும் கோடையிலும் நீங்கள் இங்கு இருக்கப்போவதில்லை, ஆகவே சுருக்கமாகச் சொல்கிறேன். பனி உருகியதும் புல்லில் உண்ணி வந்துவிடும்; கடித்து லைம் என்னும் தொற்றுநோயைப் பரப்பும் வகை இந்தப் பகுதியிலும் இருப்பதால் காற்சட்டையின் நுனியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டுதான் காட்டுப் பாதையில் இறங்குகிறோம், வீடு திரும்பியதும் பேரனின் முழங்கால் மடிப்பையும் காதின் பின்புறத்தையும் தேடிப் பார்க்கிறோம். கோடையில் வெயிலைவிடப் புகைதான் என்னை வீட்டில் உட்கார வைத்தது. 2023 ஜூனில் காட்டுத்தீப் புகை ஊரை மூடியபோது நடையை உள்ளேயே வைத்துக்கொண்டேன்.

கிளம்புவதற்கு முன் மருத்துவரிடம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பற்றியும், குளிரில் நடப்பதைப் பற்றியும் கேட்டுவிடுங்கள். சர்க்கரை பார்க்கும் கருவியை வெளியே நடக்கும்போது மேலங்கியின் உள்பையில் வைத்துக்கொள்ளலாம். கடுங்குளிரில் அது சரியாகக் காட்டாது. உங்கள் பாதத்தில் மரத்துப்போன இடம் இருப்பதால் குளிரோ கொப்புளமோ உங்களுக்குத் தெரியாமல் போகலாம். தினமும் இரவில் நானே பார்த்துவிடுகிறேன், மறுக்கக் கூடாது.

பனிக் காலணி வாங்க உங்கள் பாத அளவு தேவை. தடித்த காலுறையைப் போட்டுக்கொண்டு, ஒரு வெள்ளைத் தாளின்மேல் எழுந்து நின்று, அம்மாவிடம் இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரையச் சொல்லி, தம்பியிடம் கொடுத்துப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலையும் வைக்கச் சொல்லுங்கள். இம்மாதக் கடைசியில் காலணிகளைக் குறைந்த விலைக்குத் தருகிறார்கள்.

அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்