சுரூபங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் முன்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கச்சத்தீவுத் திருவிழாவுக்குப் படகேறும் எங்கள் பகுதி மக்களுக்குப் பதுவை என்ற பெயர் புதிதன்று. கோடி அற்புதர் என்று நாங்கள் வேண்டிக்கொள்ளும் அந்தோணியார் அடக்கமாகியிருக்கும் அந்த இத்தாலிய நகரில், அண்மையில் ஒரு பகல் முழுவதும் ஆலயம் ஆலயமாகச் சுற்றிவரும் வாய்ப்புக் கிடைத்தது. அவருடைய கல்லறைப் பளிங்கில் உள்ளங்கையைப் பதித்துக் கண்மூடி நிற்பவர்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதலாம். ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது, கலைப்பொருட்களை அவர்கள் காக்கும் முறையைப் பற்றி.

ஸ்க்ரோவெஞ்ஞி சிற்றாலயத்தில் ஜியோத்தோ 1305 வாக்கில் தீட்டி முடித்த சுவரோவியங்களைக் காண வருவோரை, முதலில் ஓர் அறையில் கால் மணி நேரம் அமர வைக்கிறார்கள். வெளித் தூசியும் ஈரமும் ஓவியங்களை அண்டக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. உள்ளே கிறிஸ்து பிறப்புக் காட்சியில் மாதாவின் மேலாடையின் நீலம் பெரும்பகுதி உதிர்ந்திருக்கிறது. பெரும்பாலான வண்ணங்களை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேலேயே தீட்டிய ஓவியர், அந்த நீலத்தைச் சுவர் காய்ந்த பின் பூசியதால் அது சுவரோடு பிடிக்கவில்லை. புதிதாக நீலம் அடிக்க எவ்வளவு நேரமாகிவிடும்? யாரும் அடிக்கவில்லை, உதிர்ந்த இடம் உதிர்ந்தபடியே இருக்கிறது.

நம் கடற்கரையிலோ கொடியேற்றம் நெருங்கினால் எனாமல் பெயின்ட் வந்துவிடுகிறது. பக்கத்து ஊர் ஒன்றில் பழைய மரச் சுரூபத்தின் விரல்கள், பூச்சு மேல் பூச்சு ஏறி, ஒன்றோடொன்று ஒட்டி அகப்பை போலாகிவிட்டன. இமையின் செதுக்கு மறைந்து, அதற்கு மேல் தூரிகையால் புருவம் இழுத்திருக்கிறார்கள். அன்பினால் செய்வதுதான், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் உப்புக்காற்றில் ஈரம் ஏறிய மரத்தைப் பூச்சால் மூடினால் அது உள்ளுக்குள்ளேயே உளுத்துப்போகும் என்பதை, வள்ளம் கட்டும் ஆசாரியைக் கேட்டாலே சொல்லிவிடுவார்.

அந்தச் சிற்றாலயத்துக்கு அருகிலேயே எரெமித்தானி ஆலயம் உள்ளது. அங்கு மாந்தேஞ்ஞா வரைந்திருந்த சுவரோவியங்கள் 1944 மார்ச் 11 அன்று குண்டுவீச்சில் நொறுங்கின. பொறுக்கி வைத்திருந்த துண்டுகளைப் பிற்காலத்தில் கணினியின் துணையோடு உரிய இடங்களில் பொருத்த முடிந்ததென்றால், அதற்குக் காரணம் முன்பே எடுத்துவைத்திருந்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள்தாம். 1964 டிசம்பரில் ஒரே இரவில் தனுஷ்கோடியைப் பறிகொடுத்த நமக்கு இதன் அருமையை யாரும் விளக்க வேண்டியதில்லை.

எனவே சிவகங்கை மறைமாவட்டமும் பங்குப் பேரவைகளும், அடுத்த திருவிழாக் காலத்துக்கு முன் தத்தம் ஆலயங்களிலுள்ள பழைய சுரூபங்கள், பீடங்கள், சப்பரங்கள் ஆகியவற்றைப் படமெடுத்துப் பதிவு செய்ய முன்வர வேண்டும். கைப்பேசியே போதும்: முன்புறம், பின்புறம், இரு பக்கங்கள், அடியில் எழுத்து இருந்தால் அதுவும். பழுது பார்த்தே ஆகவேண்டிய சுரூபங்களுக்குச் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் வேதியியல் பாதுகாப்புப் பிரிவினரிடம் ஆலோசனை கேட்கலாம். அதுவரை பழைய பூச்சைச் சுரண்டி எடுக்கும் வேலையை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

– ஒரு வாசகர், தங்கச்சிமடம்