பேரலை வெட்டுவதா, வேறு துப்பாக்கி வாங்குவதா

அன்புள்ள ராஜு,

உன் கடிதம் வந்தது. கொலராடோவில் இந்த வருஷம் எல்க் (பெரிய மான்) வேட்டைக்கு உனக்கு அனுமதி கிடைத்ததில் ரொம்ப மகிழ்ச்சி. பத்தாயிரம் அடி உயரத்தில் ரெமிங்டன் 700 வார்மின்ட் என்ற அந்தத் தடித்த குழல் ரைபிளைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது, பேரலை (குழலை) 26 அங்குலத்திலிருந்து 20 ஆக வெட்டிவிடவா, இல்லை லேசாக ஒன்று வாங்கிவிடவா என்று கேட்டிருந்தாய். வெட்டாதே. ஏன் என்று முதலில் கணக்குப் பார்ப்போம்.

உன் பேரலின் வாய்ப்பக்கத் (குண்டு வெளிவரும் முனை) தடிமன் சுமார் 0.82 அங்குலம். நடுவில் .308 (அங்குலக் கணக்கில் குண்டின் விட்டம்) துளை போக மிஞ்சும் எஃகு, அங்குலத்துக்கு 58 கிராம். பின்னால் போகப்போகத் தடிமன் ஏறும், ஆறு அங்குலத்துக்கும் சேர்த்து 380 கிராம் என்று வைத்துக்கொள். அவ்வளவுதான் குறையும். மெய்யான கனம் சேம்பரை (தோட்டா உட்காரும் பின்பகுதி) ஒட்டிய பகுதியில் கிடக்கிறது. அங்கே ரம்பத்துக்கு வேலையில்லை. உன்னுடையது ஸ்காப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) இல்லாமல் 3.8 கிலோவுக்கு மேல் இருக்கும். டிக்கா டி3எக்ஸ் லைட் என்ற லேசான ரைபிள் அதே .308-இல் 22.4 அங்குல பேரலோடு 2.9 கிலோ. வெட்டினால் அரைக் கிலோகூடத் தேறாது. மாற்றினால் ஏறக்குறைய ஒரு கிலோ.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். குறைகிற 380 கிராமும் முன்கோடியில் இருந்து குறைவதால், தோளில் வைத்துத் திருப்பும்போது கை உணரும் வித்தியாசம் தராசு காட்டுவதைவிட அதிகம். பேரல் விறைப்பும் கூடும்: வளைவு நீளத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால், 20 அங்குலத்தில் அது பாதிக்கும் கீழே வந்துவிடும். ‘குட்டையாக்கினால் குறி கெடும்’ என்பது வெறும் பேச்சு. குறையப்போவது வேகம். .308-க்கு அங்குலத்துக்கு 20 முதல் 25 அடி/விநாடி, மொத்தம் 120 முதல் 150. 200 கஜத்துக்கு ஜீரோ வைத்திருந்தால் (அந்தத் தூரத்தில் குறிவைத்த இடத்திலேயே குண்டு படும்படி ஸ்காப்பைத் திருத்தியிருந்தால்) 300-இல் குண்டு இன்னும் ஓர் அங்குலம்போலக் கீழே இறங்கும். எல்க் அளவு மிருகத்துக்கு அது ஒரு பொருட்டில்லை. வெடிச்சத்தம்தான் கூடுதலாக அறையும். இதுவே மேக்னம் (அதிக மருந்து நிரப்பிய தோட்டா) ரகமாக இருந்தால் இழப்பு இன்னும் அதிகம். அப்போது வேக இழப்பு ஒன்றுக்காகவே வெட்டாதே என்று சொல்லியிருப்பேன்.

லேசான துப்பாக்கிக்கும் ஒரு விலை உண்டு. உதைக்கும் ஆற்றல் எடைக்கு நேர்மாறு. ஸ்காப்போடு 4.5 கிலோ இருந்தது 3.5 ஆனால், அதே தோட்டா கிட்டத்தட்ட 29 சதவீதம் கூடுதலாகத் தோளை உதைக்கும். மெல்லிய பேரல் மூன்று நான்கு குண்டுகளிலேயே சூடேறி, குறிக்கூட்டம் (குண்டுகள் படும் இடங்களின் நெருக்கம்) விரியத் தொடங்கும். வேட்டைக்கு முதல் குண்டுதானே முக்கியம், அதனால் கவலை இல்லை. ஆனால் ஜீரோ பார்க்கும்போது ஒவ்வொரு மூன்று குண்டுக்கும் பிறகு பேரலை ஆற விடு.

இவ்வளவும் படித்த பிறகும் வெட்டத்தான் போகிறாய் என்றால், நல்ல கடைசல்காரரிடம் கொடு. நீளத்தை இப்படி அளக்க வேண்டும்: சேம்பர் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு போல்ட்டை (சேம்பரைப் பின்னால் அடைக்கும் தண்டு) மூடு, வாய் வழியாகச் சுத்தக் கம்பியை விட்டு, போல்ட் முகத்தில் தட்டும்போது கம்பியில் அடையாளம் போடு. அமெரிக்கக் கூட்டரசுச் சட்டப்படி பதிவு இல்லாத ரைபிளுக்கு இந்த நீளம் 16 அங்குலத்துக்கும், மொத்த நீளம் 26 அங்குலத்துக்கும் குறையக் கூடாது. 20 என்றால் பயமில்லை. (இந்தியாவிலோ, 1959 ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி உரிமம் இல்லாமல் குழலைக் குறைப்பதே குற்றம்.)

வெட்டும்போது எட்டில் ஓர் அங்குலம் கூட விட்டு வெட்டி, மீதியை லேத்தில் (கடைசல் இயந்திரம்) முகம் தட்ட, அதாவது முனையைச் சமமாகக் கடைய வேண்டும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள். பேரலின் வெளிவட்டத்தைப் பிடித்து சக்கில் (லேத்தின் பிடி) நேராக்கினால் போதாது. துளை வெளிவட்டத்துக்கு நட்டநடுவில் இருக்கும் என்று நம்பவே கூடாது. துளைக்குள் கம்பி விட்டு டயல் கேஜ் (நுண்ணிய விலகலைக் காட்டும் அளவி) வைத்து, துளையைத்தான் நேராக்க வேண்டும். முகம் சாய்ந்தால் குண்டு வெளியேறும் கணத்தில் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு அதன் அடியைத் தள்ளும்; குறி ஓடும். பிறகு 11 பாகைக் க்ரவுன் (துளையின் வாய் விளிம்பைச் சரிவாகக் கடைவது). முடிந்ததும் பஞ்சுக் குச்சியைத் துளையின் உள்ளிருந்து வெளியே இழுத்துச் சுற்றிப் பார்: ஓர் இழை சிக்கினாலும் பிசிறு இருக்கிறது, திருப்பிக் கொடு. வெட்டிய முகத்தில் சாயம் இருக்காது. கோல்டு ப்ளூ (எஃகைக் கருநீலமாக்கும் திரவம்) தடவி எண்ணெய் விடாவிட்டால் முதல் பனியிலேயே துருவேறும்.

‘வெட்டுவதற்குப் பதில் வெளியே கடைந்து மெலிதாக்கித் தருகிறேன்’ என்று யாராவது சொன்னால் கேட்காதே. ரைஃப்ளிங் (துளைக்குள் சுருள் பள்ளங்கள்) போட்ட பேரலின் உள்ளே இறுக்கம் தங்கியிருக்கும்; மேலே சுரண்டினால் அது விடுபட்டு துளை வளையலாம், அல்லது வாய்ப்பக்கம் அகலலாம்.

பண விஷயமும் இருக்கிறது. வெட்டிய வார்மின்டை வாங்க ஆள் கிடைப்பது கஷ்டம். முழுசாக இருந்தால் தரையில் படுத்துச் சுடுகிறவர்கள் நல்ல விலை கொடுப்பார்கள். விற்ற பணத்தில் டிக்காவுக்குப் பெரும்பங்கு வந்துவிடும்.

எதற்கும், நான் போட்ட 0.82 சரிதானா என்று உன் வெர்னியரில் ஒரு தடவை அளந்து எழுது. வாயிலும், ஆறு அங்குலம் பின்னாலும்.

அன்புடன்,
சேகர்