ஊசியால கலைஞ்சிடுச்சான்னு கேட்ட தம்பிக்கு

அன்புள்ள தம்பிக்கு,

சித்தியோட மார்புக் கேன்சர் பயாப்ஸி ரிப்போர்ட்ல "இன்வேசிவ்"னு இருக்கு, ஊசி குத்தி எடுத்ததுலதான் கலைஞ்சு பரவிடுச்சுன்னு சொந்தக்காரங்க சொல்றாங்க, நிஜமாண்ணேன்னு கேட்டிருந்த. போன்ல சொன்னா பாதிய விட்டுடுவேன், அதான் எழுதுறேன்.

மார்புல பால் போற குழாயோட உள்பக்கத்துல இருக்கிற செல்லுங்க ஒண்ணோட ஒண்ணு இறுக்கி ஒட்டிக்கிட்டு இருக்கும், அதுக்கு முக்கியமான புரோட்டீன் இ-கேட்ஹெரின். குழாயச் சுத்தி பேஸ்மென்ட் மெம்ப்ரேன்னு மெல்லிசா ஒரு சவ்வு. கேன்சர் செல் அதுக்குள்ளயே பெருகிக்கிட்டு இருந்தா 'இன் சிட்டு', சவ்வைத் தாண்டிட்டா 'இன்வேசிவ்', ஆனா உடம்பு பூரா போயிடுச்சுன்னு கணக்கு இல்ல. ஊசியில வந்த துணுக்குலயே செல்லு சவ்வைத் தாண்டி நிக்கிறத மைக்ராஸ்கோப்ல பார்த்துதான் ரிப்போர்ட் எழுதுறாங்க, அப்போ ஊசி போறதுக்கு முன்னாடியே தாண்டியாச்சுன்னுதானே அர்த்தம்?

சரி, எப்படி தாண்டுது. ஸ்நெயில், ட்விஸ்ட், செப்னு சில புரோட்டீன் இருக்கு, சுத்தி இருக்கிற செல்லுங்க விடுற டிஜிஎஃப்-பீட்டா மாதிரி சிக்னலாலயோ ஆக்சிஜன் கம்மியானாலோ இதுங்க முழிச்சுக்கும், முழிச்சா மொதல் வேலையா இ-கேட்ஹெரின் ஜீனை அமுக்கும், ஒட்டு விடும், செல்லு நீளமாகி நகர ஆரம்பிக்கும், போற வழியில கொலாஜனை, அதாவது செல்லுங்களுக்கு நடுவுல இருக்கிற நார் மாதிரி புரோட்டீனை, வெட்டுற என்சைமையும் விட்டுக்கிட்டே போகும்.

இதுல எனக்கு ஆச்சரியமே இது ஒண்ணும் கேன்சர் புதுசா கத்துக்கிட்ட வித்தை இல்லங்கிறதுதான். கருவுல முதுகுப்பக்கம் இருந்து சில செல்லுங்க இப்படித்தான் கழண்டு நடந்து போய் முக எலும்பும் தோலுக்கு நிறம் குடுக்கிற செல்லும் ஆகுது. 1982ல எலிசபெத் ஹேன்னு ஒரு விஞ்ஞானியும் அவங்க கூட வேலை பார்த்தவரும் கண் லென்ஸோட எபிதீலியத்த, அதாவது மேல இருக்கிற செல் அடுக்க, கேன்சரே இல்லாத திசுவ, கொலாஜன் ஜெல்லுக்குள்ள வச்சுப் பார்த்தாங்க, அதுலயிருந்தும் செல்லுங்க நீண்டு கழண்டு ஜெல்லுக்குள்ள நகர்ந்து போச்சு.

எல்லாமே இப்படி முழுசா மாறித்தான் போகும்னும் இல்ல. பாதி மாறி, கையக் கோத்துக்கிட்டு கும்பலா போறதும் உண்டு. லோபுலர்னு ஒரு வகை மார்புக் கேன்சர்ல பெரும்பாலும் இ-கேட்ஹெரினே இருக்காது, ஸ்லைடுல செல்லுங்க ஒத்தை வரிசையா நிக்கும்.

இனி முக்கியமான சமாச்சாரம். ரத்தத்துல இறங்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைக்காத. 1970ல ஃபிட்லர்னு ஒரு கேன்சர் ஆராய்ச்சியாளர் எலிங்களுக்கு கேன்சர் செல்லை நேரா ரத்தத்துலயே ஏத்திப் பார்த்தாரு, ஒரு நாள்ல ஆயிரத்துக்கு ஒண்ணுகூட உயிரோட மிஞ்சல, கட்டியானது அதுலயும் கம்மி. ரத்த ஓட்டத்தோட வேகமும் எதிர்ப்பு செல்லுங்களும் சேர்ந்து காலி பண்ணிடும், ரத்தத்தை உறைய வைக்கிற பிளேட்லெட்டைப் போர்த்திக்கிட்டு தப்பிக்கிறது கொஞ்சம்.

தப்பிச்சதும் கண்ட இடத்துல ஒட்டாது. ஸ்டீஃபன் பேஜெட்னு ஒரு டாக்டர் 1889லயே மார்புக் கேன்சர்ல இறந்த 735 பேரோட ரெக்கார்டைப் பார்த்தார், கல்லீரல்ல 241 பேருக்கு இருந்துச்சு, மண்ணீரல்ல வெறும் 17. விதை எங்க வேணா விழலாம், மண்ணு ஒத்துக்கணும்னார். மண்ணு ஒத்துக்கிட்டாக்கூட பல வருஷம் சும்மா தூங்குற செல்லு உண்டு, ஆபரேஷனுக்கு அப்புறமும் நெறைய பேருக்கு மருந்து தொடர்றதுக்கு அதுவும் ஒரு காரணம்.

ஊசித் தடத்துல செல்லு தங்கி வளர்றது ரொம்ப அபூர்வம். அதுக்குப் பயந்து ட்ரீட்மென்ட்டைத் தள்ளிப் போடுறதுதான் ஆபத்து, அந்த சொந்தக்காரங்ககிட்ட என் பேரைச் சொல்லியே சொல்லு.

டாக்டரைப் பார்க்கிறப்போ நெறிகட்டுல, அதான் லிம்ப் நோட்ல, இருக்கான்னும் லிம்போவாஸ்குலர் இன்வேஷன், அதாவது ரத்தக்குழாய்லயோ நிணநீர்க்குழாய்லயோ செல்லு நுழைஞ்சது, இருக்கான்னும் கேளு, ஈஆர், பிஆர்ங்கிற ஹார்மோன் ரிசெப்டரும் ஹெர்2ங்கிற புரோட்டீனும் கட்டியில எப்படி இருக்குன்னு எழுதி வாங்கிக்கோ. வந்ததும் போட்டோ எடுத்து அனுப்பு.

அண்ணன்